பிள்ளை விஷயத்தில் எழுதினது கல்வெட்டு இல்லீங்க

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு எருமை, குழுக் கூட்டம், இதுதான் என் உலகம். என்னைப் பேசச் சொன்னப்போ சேமிப்பு பற்றிப் பேசலாமா, கடன் பற்றிப் பேசலாமான்னு யோசிச்சேன். அதைப் பேச என்னை விட விவரமானவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. அதனால, குழுக் கூட்டத்தில் யாரும் வாய் திறந்து கேட்காத, ஆனா கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது காதோரமா வந்து கேட்கிற ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கேன்.

புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போயிட்டாங்க. பிள்ளை அப்பாகிட்டன்னு எழுதியாச்சு. இல்லைன்னா அம்மாகிட்டன்னு எழுதியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. ரெண்டு வருஷம் மூணு வருஷம் கழிச்சு நிலைமை தலைகீழாப் போச்சு. இப்போ அதை மாத்த முடியுமா? "எழுதிக் குடுத்துட்டயே, இனி என்ன பண்ண முடியும்"னுதான் நம்ம ஊரில் சொல்றாங்க. அது சரியான பதில் இல்லைங்க. மாத்த முடியும். ஆனா எதுக்காக மாத்துவாங்க, எதுக்காக மாத்த மாட்டாங்கன்னு நாம தெரிஞ்சு வெச்சுக்கணும். என் சித்தி மகளுக்காகக் கோர்ட்டுக்கு அவளோட பல வாய்தா நடந்தேன். அங்கே கேட்டது, வக்கீலம்மா சொல்லிக் கொடுத்தது, இதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

முதல்ல ஒரு உதாரணம். நம்ம குழுவில் மாசம் 10-ஆம் தேதி கூட்டம்னு தீர்மானம் போடறோம். அப்புறம் கடலை பறிக்கிற நேரம் வருது, 10-ஆம் தேதி யாராலயும் வர முடியலை. என்ன செய்யறோம்? பழைய பக்கத்தைக் கிழிச்சுப் போடறதில்லை. மறுபடி கூட்டம் கூட்டி, காரணத்தை எழுதி, மாற்றுத் தீர்மானம் போட்டு எல்லாரும் கையெழுத்து வைக்கிறோம். பிள்ளை யார் பொறுப்பில் இருக்கணும்னு கோர்ட் போடற உத்தரவும் அப்படித்தான். அதைக் கஸ்டடி உத்தரவுன்னு சொல்றாங்க. அன்னைக்கு இருக்கிற நிலைமையைப் பார்த்துப் போட்டது. நிலைமை மாறினா உத்தரவும் மாறலாம்.

இது நான் சொல்றது இல்லை. 1973-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரோசி ஜேக்கப் வழக்குன்னு பேரு. நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்து டெல்லி வரைக்கும் போன வழக்கு. மூணு பிள்ளைங்க, அப்பா அம்மா ரெண்டு பக்கமும் இழுபறி. பிள்ளைகள் பற்றின உத்தரவு எல்லாமே தற்காலிகமானதுதான், காலம் போகப் போக நிலைமை மாறினா, பிள்ளையோட நலனுக்காகக் கோர்ட் அதை மாத்தலாம்னு அந்தத் தீர்ப்பில் சொன்னாங்க. பிள்ளைங்க அப்பா அம்மாவோட சொத்தும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லைன்னும் சொன்னாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்கின உத்தரவா இருந்தாலும் பிள்ளை நலனுக்குத் தேவைன்னா மாத்தலாம்னு சொன்னாங்க. ஆக, "நீயே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டயே"ங்கிற பேச்சு கோர்ட்டில் கடைசிப் பேச்சு இல்லை.

சட்டம்னு பார்த்தா, இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 26. விவாகரத்து முடிஞ்ச பிறகும் பிள்ளையோட பொறுப்பு, செலவு, படிப்பு பற்றின உத்தரவை அவ்வப்போது ரத்து பண்ணவும், நிறுத்தி வைக்கவும், மாத்தவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. அதோட 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்னைக்கும் நடப்பில் இருக்கு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு இல்லாம எல்லாரும் அதில் மனுப் போடலாம். 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டம், பிரிவு 13, பிள்ளையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேலன்னு சொல்லுது.

சரி, எப்போ மாத்துவாங்க? வக்கீலம்மா எங்களுக்கு ரெண்டே ரெண்டு கேள்வியாச் சொன்னாங்க. ஒண்ணு, அந்த உத்தரவு போட்ட நாளுக்கு அப்புறம் என்ன மாறியிருக்கு? ரெண்டு, இப்போ மாத்தினா பிள்ளைக்கு என்ன நல்லது? ரெண்டுக்கும் பதில் இருக்கணும். மாறியிருக்கு, ஆனா பிள்ளை இருக்கிற இடத்தில் நல்லா இருக்குன்னா கை வைக்க மாட்டாங்க. பிள்ளையை அங்கேயும் இங்கேயும் மாத்திக்கிட்டே இருக்கிறதும் பிள்ளைக்குக் கெடுதல்தானே.

நம்ம பக்கத்து நிலைமையை வெச்சே சொல்றேன்.

ஒண்ணு, பொறுப்பு வாங்கினவர் பக்கத்திலேயே இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியில் போறவங்க வடநாட்டில் மாசக்கணக்கா இருக்காங்க. நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவருங்க நிலைமையும் அதுதான். பிழைப்புக்குப் போறது தப்பு இல்லை. ஆனா அப்பா பொறுப்புன்னு எழுதின பிள்ளையை உண்மையில் யார் பார்த்துக்கிறாங்கன்னு கோர்ட் கேட்கும்.

ரெண்டு, பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு முடியலை. ஆத்தா படுத்த படுக்கை ஆயிட்டாங்க, இல்லை அம்மாவுக்கே பெரிய வியாதி வந்துட்டது. அப்போ பிள்ளைக்கு ஆள் வேணும்.

மூணு, குடி, அடி, பட்டினி, இல்லை வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை. இது எல்லாத்தையும் விட அவசரமான காரணம். பிள்ளையை யாராவது தப்பா நடத்தறாங்கன்னு தெரிஞ்சா கஸ்டடி மனுவுக்குக் காத்திருக்கக் கூடாது. 1098-க்கு உடனே போன் போடணும். போக்சோ சட்டம் 2012 அதுக்குத்தான் இருக்கு.

நாலு, படிப்பு நின்னு போச்சு. ஆறு வயசில் இருந்து பதினாலு வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வின்னு 2009-லேயே சட்டம் வந்தாச்சு. பிள்ளையைத் தறியில் நூல் போட விட்டாங்க, கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்க விட்டாங்கன்னா அது கோர்ட்டில் சொல்ல வேண்டிய விஷயம். பொம்பளைப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் முன்னே பரிசம் போடற பேச்சு நடந்தா அதுவும்தான்.

அஞ்சு, பார்க்க விடறதில்லை. ரெண்டாவது ஞாயிறு, நாலாவது ஞாயிறு பார்க்கலாம்னு உத்தரவு இருக்கும். போய்ப் பார்த்தா வீடு பூட்டிக் கிடக்கும். சொல்லாம கொள்ளாம வேற ஊருக்குக் குடி போயிடுவாங்க. உங்க அம்மா ஓடிப்போனவன்னு பிள்ளை காதில் ஓதறதும் உண்டு. ஒரு தரம் நடந்தா கோர்ட் எச்சரிக்கும். திரும்பத் திரும்ப நடந்தா, ஏற்பாட்டையே மாத்த அது காரணமா நிற்கும்.

ஆறு, பிள்ளை வளர்ந்துட்டது. நாலு வயசில் போட்ட உத்தரவு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் பொருந்துமா? யோசிச்சுச் சொல்ற வயசு வந்திருந்தா பிள்ளையோட விருப்பத்தையும் கோர்ட் பார்க்கலாம்னு 1890-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே பிரிவு 17-இல் இருக்கு. இத்தனை வயசுன்னு கணக்கு இல்லை. பிள்ளை சொன்னதுக்காக மட்டும் அப்படியே மாத்திட மாட்டாங்க, சொல்லிக் கொடுத்துச் சொல்லுதா, மனசில் இருந்து சொல்லுதான்னு ஜட்ஜ் பார்ப்பாங்க.

ஏழு, அப்போ முடியாத நம்மால இப்போ முடியும். பிரிஞ்ச நேரத்தில் இருக்க வீடு இல்லை, கையில் காசு இல்லை, ஒடம்பு சரியில்லைன்னு பிள்ளையை விட்டிருப்போம். இப்போ நிமிர்ந்து நிற்கிறோம். இதையும் சொல்லலாம். ஆனா நமக்கு வசதி வந்துட்டது என்பது மட்டும் போதாது, பிள்ளைக்கு அதனால் என்ன நல்லதுன்னு காட்டணும்.

இனி, எதெல்லாம் காரணம் ஆகாது? நம்ம ஊரில் பயமுறுத்தறது எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கு.

"உனக்குச் சம்பாத்தியம் இல்லை, கோர்ட் பிள்ளையை உன்கிட்டத் தராது"ன்னு சொல்வாங்க. காசு மட்டும் பேசாதுங்க. 1997-இல் தன்வந்தி ஜோஷி வழக்குன்னு உச்ச நீதிமன்றத்தில் வந்தது. அப்பாகிட்ட வசதி அதிகம். ஆனாலும் கைக்குழந்தையில் இருந்து வளர்த்த அம்மாகிட்டயே பையன் இருக்கட்டும்னு தீர்ப்பு ஆச்சு. நிலைமை மாறினதை நிரூபிக்கணும், அந்த மாற்றம் பிள்ளைக்கு நல்லதுன்னும் நிரூபிக்கணும்னு அதிலும் சொல்லியிருக்காங்க. செலவுக்குத்தான் அப்பாகிட்ட ஜீவனாம்சம் கேட்க வழி இருக்கே.

"பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சுது, கொண்டாந்து விடு"ன்னு சொல்வாங்க. அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னுதான் 1956-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுது. அஞ்சு முடிஞ்ச மறுநாள் தானா அப்பாகிட்டப் போயிடணும்னு எந்த இடத்திலும் எழுதலை. அப்பவும் பிள்ளை நலன்தான் கேள்வி.

"மறுமணம் பண்ணிக்கிட்டா பிள்ளை உனக்கு இல்லை"ன்னு சொல்வாங்க. அம்மா மறுமணம் செஞ்சது ஒண்ணே அவகிட்ட இருந்து பிள்ளையைப் பிரிக்கக் காரணம் ஆகாதுன்னு 2006-இல் கேரளத்து வழக்கு ஒண்ணில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதே நியாயம் அப்பாவுக்கும் உண்டு. அவர் ரெண்டாவது கட்டிக்கிட்டார்னு கோவத்தில் மனுப் போட்டா நிற்காது. அந்த வீட்டில் பிள்ளை எப்படி இருக்குன்னுதான் பார்ப்பாங்க.

நம்ம பக்கமும் ஒரு பழக்கம் இருக்கு, சொல்லணும். "பணம் தரலை, அதனால பிள்ளையைக் காட்ட மாட்டேன்"னு சொல்றது. அப்படிச் செய்யாதீங்க. பணம் வராததுக்குத் தனியா மனு இருக்கு. பிள்ளை அப்பாவைப் பார்க்கிறது பிள்ளையோட உரிமை. அதை நாம தடுத்தா அது நமக்கு எதிரா நிற்கும்.

இப்போ என் சித்தி மகள் கதைக்கு வர்றேன். அவ அனுமதி கேட்டுத்தான் சொல்றேன். அவளுக்கும் அவ வீட்டுக்காரருக்கும் ஒத்து வரலை, சம்மதத்தில் பிரிஞ்சாங்க. பையனுக்கு அப்போ நாலு வயசு. இவ பொறந்த வீட்டில் அண்ணன் தம்பிங்க இடமே கொடுக்கலை. பையன் அப்பாகிட்ட, இவ மாசம் ரெண்டு ஞாயிறு பார்க்கலாம்னு உத்தரவு. அவர் நல்லவர்தான். ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் பத்து மாசம் மத்தியப் பிரதேசம். பையனை அவங்க ஆத்தா பார்த்துக்கிட்டாங்க. மூணு வருஷத்தில் அந்த அம்மாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துட்டது. ஏழு வயசுப் பையன் ஆத்தாவுக்குக் கஞ்சி ஊத்திக் கொடுத்துட்டு, பள்ளிக்கூடம் பாதி நாள் போகலை.

எங்க சொந்தத்தில் ஆம்பளைங்க, "வண்டி எடுத்துக்கிட்டுப் போய்ப் பையனைத் தூக்கிட்டு வந்துடலாம்"னாங்க. நாங்க வேணாம்னுட்டோம். உத்தரவு இருக்கும்போது தூக்கிட்டு வந்தா அது உத்தரவை மீறினது ஆகும். பிள்ளைக்கும் பயம். பக்கத்தைக் கிழிக்கக் கூடாது, மாற்றுத் தீர்மானம்தான் போடணும்னு நான் சொன்னேன்.

சட்ட உதவி மையத்துக்குப் போனோம். அங்கே ஒரு வக்கீலம்மாவைப் போட்டுக் கொடுத்தாங்க, எங்க கைக்காசு ஃபீஸா ஒரு ரூபாய் செலவாகலை. மனுவோட என்னென்ன வெச்சோம் தெரியுங்களா? பள்ளிக்கூட வருகைப் பதிவு. ஆத்தாவோட ஆஸ்பத்திரிச் சீட்டு. இவ வாடகை வீட்டுச் சீட்டு. அப்புறம் நம்ம குழு பாஸ்புக். தையல் மெஷினுக்குக் கடன் வாங்கி, ஒரு தவணை தவறாமக் கட்டினது அதில் இருந்தது. "இவங்க சொல்லை விட இந்த வரவு செலவு நல்லாப் பேசும்"னு வக்கீலம்மா அதையும் சேர்த்தாங்க.

பையனை ஜட்ஜ் தனி அறையில் கூப்பிட்டுப் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நாங்க கேட்டுக்கலை. சமரச மையத்துக்கும் அனுப்பினாங்க. அவரும் லீவு போட்டு வந்தார். முதல்ல கோவமாத்தான் இருந்தார், "என்னைக் கெட்டவன்னு எழுதியிருக்கயா"ன்னு கேட்டார். மனுவில் அப்படி ஒரு வரி கூட இல்லை. படிச்சுப் பார்த்துட்டு அமைதி ஆயிட்டார். முடிவில், பள்ளிக்கூட நாளில் பையன் அம்மாகிட்ட, அவர் ஊருக்கு வரும்போதும் முழுப் பரீட்சை லீவிலும் அப்பாகிட்டன்னு மாத்தினாங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சனிக்கிழமை சனிக்கிழமை பையன் போய் ஆத்தாவைப் பார்த்துட்டு வர்றான். அதை எந்த உத்தரவிலும் எழுதலை. இவளேதான் பஸ் ஏத்தி விடறா.

இதில் நான் பார்த்தது ஒண்ணுதான். யார் மேலயும் தப்புன்னு நிரூபிச்சு ஜெயிக்கிற வழக்கு இல்லை இது. பிள்ளைக்கு இப்போ என்ன வேணும்னு காட்டற வழக்கு. நம்ம கண்ணீரை விடப் பிள்ளையோட வருகைப் பதிவேடு அங்கே அதிகம் பேசுது.

இனி, எங்கே போகணும்? ஏற்கெனவே கோர்ட் உத்தரவு இருந்தா, உத்தரவு கொடுத்த கோர்ட்டிலேயே மாத்தச் சொல்லி மனுப் போடலாம். காப்பாளர் சட்டப்படி புதுசா மனுப் போடறதா இருந்தா, பிள்ளை வழக்கமாக் குடியிருக்கிற ஊர் எந்தக் கோர்ட்டில் சேருதோ அங்கே போடணும். சேலத்தில் குடும்ப நீதிமன்றம் இருக்கு. குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம் பார்க்கும். அவசரம்னா, வழக்கு முடியற வரைக்கும் இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டில் அடி உதைன்னு 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் போனா, மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே பிள்ளையைத் தற்காலிகமா நம்ம பொறுப்பில் கேட்கலாம்.

பலருக்குக் கோர்ட் உத்தரவே இருக்காது. ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருப்பாங்க. அது கோர்ட் உத்தரவு இல்லைங்க. அந்தப் பேப்பர் பிள்ளையோட நலனைக் கட்டிப் போட முடியாது. கோர்ட் அதைப் படிச்சுப் பார்க்கும், ஆனா முடிவை அதுவே எடுக்கும்.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னு நிற்காதீங்க. 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டத்தில், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சர்டிபிகேட் வேண்டியதில்லை, பொம்பளையா இருந்தாப் போதும். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா கோர்ட்டில் வட்டக் குழு இருக்கும். போன் நம்பர் 15100. பெண்களுக்கு 181. பிள்ளைங்களுக்கு 1098. மூணையும் குழுத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வெச்சுக்குங்க.

கடைசியா, குழுவா நாம செய்யக் கூடியது நாலு சொல்றேன்.

பிரிஞ்சு வாழற உறுப்பினர்கிட்ட ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்க. பார்க்கப் போன தேதி, பார்க்க விட்டாங்களா இல்லையா, ஃபீஸ் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். ரொக்கப் புத்தகம் எழுதத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய வேலையா?

வாய்தாவுக்குத் தனியா அனுப்பாதீங்க. கூட ஒருத்தர் போங்க. கோர்ட் வராண்டாவில் தனியா உட்கார்ந்திருக்கிற பொம்பளைக்குத்தான் "விட்டுக் கொடுத்துட்டுப் போயிடலாம்"ங்கிற எண்ணம் வரும்.

பிள்ளை காதில் விழற மாதிரி அப்பாவையோ அம்மாவையோ ஏசாதீங்க. கூட்டத்திலும் வேணாம், குழாயடியிலும் வேணாம்.

ரூல் போட்ட பேப்பரோ ஸ்டாம்ப் பேப்பரோ, பிள்ளை பற்றி எதில் கையெழுத்துக் கேட்டாலும் அன்னைக்கே போட வேணாம். வீட்டுக்குக் கொண்டு வந்து, விவரம் தெரிஞ்சவங்ககிட்டப் படிச்சுக் காட்டுங்க. ஏற்கெனவே போட்டுட்டீங்களா? பயப்படாதீங்க. பிள்ளை வளர்றது மாதிரி நிலைமையும் மாறும், மாறினதைக் கோர்ட்டில் சொல்ல நமக்கு வழி இருக்கு.

இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போனதும் பரண் மேல போட்டுடாம, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் படிச்சுக் காட்டுங்க.